முப்பதாம் திகதி நள்ளிரவுடன்

"அன்புள்ள வாடிக்கையாளருக்கு" என்று தொடங்குகிறது.
தை முப்பது நள்ளிரவுடன் சேவை நிறுத்தப்படுமாம்.
கடைசி வரி:
உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.
என்ன ஒத்துழைத்தேன் என்று தெரியவில்லை.

கோண்டாவில் சந்திக்குப் பக்கத்து ரியூட்டரியின்
பின்னறையில் இருந்து பத்து வருசமாக
மூன்று பேர் ஏற்றியதெல்லாம் அங்கே கிடக்கிறது.
அங்கே என்றால் எங்கே?
ஒருநாளும் கேட்டதில்லை.
டெக்சாஸில் ஒரு குளிரூட்டிய அறை ரீச்சர், என்கிறான்
போட்டோக்கொப்பிக் கடை நிருபன்.
நான் கட்டுநாயக்காவுக்கு அப்பால் போனதில்லை.
என் கையெழுத்து போய்
பத்து வருசம் குளிரில் இருந்திருக்கிறது.

இறக்கத் தொடங்கினேன்.
பச்சைக் கோடு வழுக்கியாறு மாதிரி,
ஓடுகிறதா நிற்கிறதா என்று
கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும்.

சேதனம் கடைசி.
சேதனம் கடைசி சரியானது.
சேதனம் இதுதான் கடைசி.
பெயர் வைக்கத் தெரியாத மூன்று பேர் நாங்கள்.

பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாளைத் திறந்தால்
ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்க் கொட்டுகிறது.
கண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை.
மேசையில் விரல்களை வைத்து
தட்டிப் பார்த்தேன்:
விரலுக்கு விளங்கிற்று. "சமநிலை மாறிலியைக் கணிக்க."

மோல் எண்ணக்கரு, பாகம் நான்கு.
நடுவில் மீன்காரனின் கோண்.
"ஒரு நிமிசம், கதவைச் சாத்துங்கோ" என்கிறேன்
இப்போது என்னிடம் இல்லாத ஒரு குரலில்.
பிறகு நாற்பது பேனைகள் எழுதுகிற சத்தம்.
அதை வெட்டச் சொல்லியிருந்தார் ஞானசீலன்.
பஞ்சியில் விட்டுவிட்டேன்.

பௌதிகவியல் மட்டும் பூட்டிக் கிடந்தது.
கடவுச்சொல் அவரிடம்.
அவர் பிராம்ப்டனில்.
கதைத்து நாலு வருசம்;
கட்டணக் காசு பிரித்ததில் வந்த வினை.

இரவு பத்து மணிக்கு எடுத்தேன்.
"மங்களேஸ்வரி ரீச்சரோ?"
பின்னால் ஏதோ லொறி பின்னுக்கு எடுக்கிற கீக் கீக்.
விசயத்தைச் சொன்னேன்.
லொறி நிற்கும்வரை பேசவில்லை அவர்.
"உங்கட ஸ்கூட்டி நம்பர்தான்."
"அதை வித்து ஆறு வருசம்."
"நான் மாத்தேல்லை."
எனக்கே மறந்துபோன இலக்கங்களை
ஒவ்வொன்றாகச் சொன்னார்,
நடுவில் கோடு உட்பட.
காசுக் கதை எழவில்லை.
அது எந்தக் கோப்புறையிலும் இருக்கவில்லை.

கடைசி இரவு.
ஒரு விடைத்தாளில் இருபத்தேழாம் கேள்வி என் பிழை.
அதைப் பார்த்துவிட்டு எத்தனை பிள்ளைகள்
மண்டபத்துக்குள் போயிருப்பார்களோ.
இப்போது திருத்தினால் ஒருவருக்கும் தெரியாது.
திருத்தவில்லை.
பக்கத்தில் சிவப்பில் எழுதினேன்:
இது பிழை. விட்டது நான். சரியான விடை மூன்று.

பன்னிரண்டு அடித்தது.
பக்கம் திறக்கிறது.
பன்னிரண்டேகால். திறக்கிறது.
அப்போதுதான் உறைத்தது:
நள்ளிரவு அவர்களுடையது.
எனக்கு அது நாளைப் பகல் பதினொன்றரை.
தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு
மிச்ச இரண்டு கோப்புறையையும் இறக்கினேன்.

விடிய, பள்ளிக்கூட ஆய்வுகூட அலுமாரியில்
வெள்ளி நைத்திரேற்றின் கபிலப் போத்தலுக்கு அருகில்
வன்தட்டை வைத்துப் பூட்டினேன்.
வெளிச்சம் படக்கூடாத சாமான்கள் அந்தத் தட்டில்தான்.
இன்னொன்று நிருபனிடம்.
மூன்றாவது, பெற்றுக்கொண்டதாகப் பிராம்ப்டனில் இருந்து
ஒரு கட்டைவிரல் படம் வந்தது.

நாலாம் பாடம், நியமிப்பு.
அளவி சொட்டுகிறது.
மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்:
பதினொன்று இருபத்தொன்பது,
முப்பது,
முப்பத்தொன்று.
ஒரு சத்தமும் இல்லை.

"ரீச்சர், கூடிப்போச்சு" என்றாள் தமயா.
குடுவைக்குள் கடும் இளஞ்சிவப்பு.
நிறுத்தவேண்டிய துளி எப்பவோ போய்விட்டது.
"நானும் பாக்கேல்லை" என்றேன்.
"கழுவிப்போட்டு முதலிலயிருந்து செய்."